பாலைக் காக்கும் தண்ணீர்

அப்பா,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் புதிய அம்மோனியாப் போத்தல் ஒன்றைத் திறந்தேன். மூடி இறுகியிருந்தது. துணியைச் சுற்றித் திருகினேன். கழன்ற வேகத்தில் வாடை நேராகக் கண்ணுக்குள் ஏறிவிட்டது. சன்னலோரம் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "என்னக்கா, காலையிலேயே அழுறீங்க?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். "அம்மோனியாதான்லா," என்றேன்.

அவளுக்கு அது மருந்து வாடை. எனக்கு நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் வாடை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்ட பிறகும் அது போகாது. அம்மா அந்தச் சட்டையை எங்கள் துணிகளோடு சேர்த்துத் துவைக்கமாட்டாள். 'ஸ்டோர் சட்டை'க்கு என்று தனி வாளி வைத்திருந்தாள். மலாக்கா பக்கத்துப் புலாவ் செபாங்கிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில், காற்று திரும்பினால் மட்டும் ரயில் சத்தம் கேட்கும் தோட்டம் நம்முடையது. பால் வெட்டுக்காரர்கள் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலை வடிகட்டித் தொட்டியில் சேர்த்து, லாரி வரும்வரை உறையாமல் பார்த்துக்கொள்வது ஸ்டோரில் உங்கள் வேலை. மரத்தைவிட்டு இறங்கிய உடனே பால் கெடத் தொடங்கிவிடும் என்பீர்கள். அம்மோனியா ஊற்றினால் நிற்கும். வேறு யாராவது ஊற்றினால் உங்களுக்குத் திருப்தி இருக்காது. "அது கைக்கொழந்த மாதிரி. தெரியாதவன்கிட்ட குடுக்கக் கூடாது," என்பீர்கள்.

உங்கள் கழுத்தில் நெறி கட்டியது, வெள்ளைக்காரன் மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தின் நடுவில். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டு, சிதறிக் கிடந்த லயத்து வீடுகளை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, இருட்டினால் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்றிருந்த காலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறோ மருந்தோ போய்விடக் கூடாது என்று கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். வெட்டுக்குப் போகும் பெண்கள் ஒரு வாய்ச் சோறுகூடக் கட்டிக்கொண்டு போக முடியாது. இதற்கு நடுவில் ஒருவர் கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி வந்தால் யார் அதைப் பெரிதாக நினைப்பார்கள்? வலியும் இல்லை. பல் கெட்டால் நெறி கட்டும், காலில் முள் குத்தினால் தொடையில் நெறி கட்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அம்மா தொட்டுப் பார்க்கப் பயப்பட்டாள். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. குளித்துவிட்டு வந்து என் முன்னால் குனிவீர்கள். "அமுக்கிப் பாரு. கொறஞ்சிருக்கா?" அமுக்கினால் கொஞ்சம் உள்வாங்கும், விரலை எடுத்ததும் மேலே வரும். "அப்படியேதான் இருக்குப்பா," என்பேன். பல வருடம் கழித்துக் கல்லூரிப் பாடப்புத்தகத்தில், இந்த நோயில் வரும் கட்டி தொடுவதற்கு ரப்பர் போலிருக்கும் என்ற வரியைப் படித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு விடுதிக்கு வெளியே போய் நடந்தேன். எந்தப் பக்கம் நடந்தேன் என்று நினைவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து பிரசவம்வரை எல்லாம் டிரெசர்தான். அவர் அதைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எப்போதாவது வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர் உங்கள் கழுத்தைத் தடவினார், அக்குளைத் தடவினார், பிறகு பெரியதை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் கிளம்பியிருந்த சின்னக் கட்டி ஒன்றை முழுதாக வெட்டியெடுத்து மலாக்கா டவுனுக்கு அனுப்பச் சொன்னார். அங்கே அதை மெல்லியதாகச் சீவிப் பெரிதாக்கிப் பார்த்தால் என்ன நோய் என்று தெரிந்துவிடும். டிரெசர் மரத்துப்போக ஊசி போட்டு அறுத்தார். துண்டை ஒரு போத்தலில் போட்டு, ஃபார்மலின் ஊற்றி மூடினார். ஃபார்மலின் சதையை இறுக வைத்து, அறுத்த நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நிறுத்திவைக்கும். அதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நீங்கள் சொன்னீர்கள். லாரியில் புலாவ் செபாங், அங்கிருந்து பஸ்.

கேட்டில் நடந்ததை நீங்கள் லயத்தில் எத்தனை பேருக்கு நடித்துக் காட்டியிருப்பீர்கள்! காவலுக்கு நின்றவன் புதியவன். டிரெசர் எழுதிக் கொடுத்த சீட்டு இங்கிலீஷில் இருந்தது. போத்தலைத் திறந்து முகர்ந்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆப்பா இனி?" என்ன இது?

"டாகிங், துவான்." இறைச்சி, ஐயா.

"டாகிங் ஆப்பா?" என்ன இறைச்சி?

"சாயா பூஞா டாகிங்." என்னோட இறைச்சிதான்.

இந்த இடத்தில் நிறுத்தி, அவன் முழித்த முழியைக் காட்டுவீர்கள். ஒருமுறை போத்தல், ஒருமுறை உங்கள் கழுத்துக் கட்டு, மறுபடி போத்தல். மருந்துத் தண்ணீர் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது அவனுக்குக் கொடுத்த உத்தரவு. ஃபார்மலினைத் தரையில் கொட்டினான். துண்டைத் தொட அவனுக்குத் துணிவில்லை. "தண்ணியக் கொட்டிட்டு கறிய என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டான்பா! நல்ல மனுசன்!" லயமே சிரித்தது. அம்மாகூடச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

டிரெசர் அதற்குள் அடுத்த தோட்டத்துக்குச் சைக்கிளில் போய்விட்டிருந்தார். லாரி உறுமிக்கொண்டிருந்தது. கேட்டை ஒட்டித்தான் உங்கள் ஸ்டோர். ஓடிப்போய் அம்மோனியாவை ஊற்றி, மூடியை இறுக்கி, எடுத்துக்கொண்டு வந்து ஏறிவிட்டீர்கள். காவல்காரன் புதியவனானாலும் அந்த வாடை வந்த நாளிலேயே பழகியது. தோட்டத்துச் சாமான் என்று விட்டுவிட்டான்.

"என்னண்ணே, ஊறுகாயா?" என்றாராம் லாரிக்காரர்.

"ஆமாடா, ஒனக்கும் கொஞ்சம் வேணுமா?"

அன்று சாயங்காலம் திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பாலே கெடாம நிக்குது. இந்தச் சதை என்ன பெரிய சதை?" உங்கள் குரலில் ஒரு பெருமை இருந்தது. ஒரு நல்ல காரியம் கெட்டுப்போக இருந்தது, உங்கள் தொழில் அதைக் காப்பாற்றிவிட்டது என்ற பெருமை.

கொஞ்ச நாள் கழித்து டிரெசர் கையில் ஒரு தாளோடு ஸ்டோருக்கே வந்துவிட்டார். நான் உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து அங்கே நின்றிருந்தேன்.

"யோவ், எவன்யா அதுல அம்மோனியா ஊத்துனது?"

"நாந்தான் சார். பால் கெடாம இருக்குதேன்னு..."

"பால் வேற, சதை வேறய்யா! அங்க தொறந்து பாத்தா கொழகொழன்னு இருந்துச்சாம். ஒண்ணும் தெரியலன்னு எழுதியிருக்கான். இன்னொரு துண்டு வேணுமாம்."

தொட்டியைக் கிளறும் துடுப்பைப் பார்த்தபடி நின்றீர்கள். கேலி பேசாமல் நீங்கள் நின்று அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. உறையவிடாமல் வைத்திருப்பதுதான் காப்பாற்றுவது என்று உங்களுக்குத் தெரியும். அதைத்தான் வாழ்நாள் முழுதும் செய்தீர்கள். சதை உறைந்தால்தான் நிற்கும் என்று உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இதைச் சொல்லிச் சொல்லி என் மனத்தை நானே ஆற்றிக்கொள்கிறேன். எப்போதும் ஆறுவதில்லை.

இன்னொரு துண்டு எடுத்திருக்கலாம். அதற்குள் வெட்டாமல் விட்ட பெரிய கட்டி தானாக இறங்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் என் விரலுக்கடியில் சிறுத்துக்கொண்டே வந்து, ஒருநாள் தேடிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது பலித்தது என்றாள். பக்கத்து வீட்டு அத்தை தான் அரைத்துப் போட்ட பற்றுத்தான் என்றாள். டிரெசர் கத்தியை எடுத்துவைத்துக்கொண்டு கூப்பிட்டபோது நீங்கள் கழுத்தை நீட்டிக் காட்டினீர்கள். "எத சார் வெட்டப் போறீங்க? அம்மோனியா வாசத்துக்கே பயந்து ஓடிருச்சு." டிரெசரும் சிரித்துவிட்டார். பழைய குரல் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கும் சந்தோஷம்.

அடுத்த மழைக்குள் எல்லாம் திரும்பி வந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும், அக்குளிலும், தொடையிடுக்கிலும். வயிற்றின் இடப்பக்கம் கல் மாதிரி கனத்தது. பாய் நனையும்படி வியர்த்தது. சட்டை உங்கள் தோளில் தொங்கத் தொடங்கியது. மலாக்கா டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கையால் தடவிப் பார்த்தே ஒரு பெயரைச் சொன்னார். அந்தக் காலத்தில் அந்த ஒரு பெயருக்குள் நிணநீர்ப் புற்றுகள் எல்லாவற்றையும் போட்டுவிடலாம். துண்டு எடுக்க வேண்டாமா என்று கூட வந்த டிரெசர் கேட்டதற்கு, "இனிமேல் எடுத்து என்ன செய்யப் போகிறோம்?" என்றார். நம் பக்கத்தில் கெடுபிடி தளர்ந்து, கேட்டில் சோதனையை நிறுத்தியபோது நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று வாசலில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

அம்மா உங்களை ஏசியது அந்த நாட்களில்தான். கஞ்சியை ஊட்டிக்கொண்டே ஏசுவாள், முதுகைத் துடைத்துக்கொண்டே ஏசுவாள். "தோட்டத்துப் பாலையெல்லாம் காப்பாத்தின மனுசன். ஒங்க உசிர மட்டும் ஒங்க கையாலேயே கெடுத்துக்கிட்டீங்களே! ஒரு வார்த்த யாரையாவது கேட்டீங்களா?" நீங்கள் "ஆமாடி" என்பீர்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டீர்கள். அந்த 'ஆமாடி' கோபமா, ஒப்புக்கொண்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கடைசிவரை அவள் ஏச்சு நிற்கவில்லை. உங்களைத் தூக்கிய பிறகுதான் நின்றது.

இப்போது எனக்கு உங்கள் வயது தாண்டிவிட்டது. உங்கள் துண்டு போய்ச் சேர்ந்த மாதிரி ஓர் இடத்தில்தான் வேலை செய்கிறேன். ஃபார்மலினில் வரும் துண்டுகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயமிடுகிறேன். முதல் சாயம் ஏறியதும் எல்லாம் ஒரே செந்நிறமாகத் தெரியும். சில சொட்டு அம்மோனியா கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் உயிரணுக்களின் கரு மட்டும் நீலமாகத் தெளியும். அதை வைத்துத்தான் டாக்டர் பெயர் சொல்வார்.

உங்கள் நோயின் இன்றைய பெயரே விசித்திரமானது. ஹாட்ஜ்கின் நோய் என்று ஒன்று இருக்கிறது. அது அல்லாத நிணநீர்ப் புற்றுகளையெல்லாம் சேர்த்து 'ஹாட்ஜ்கின் அல்லாதவை' என்கிறார்கள். எது இல்லை என்றுதான் முதலில் தெரிகிறது. என்ன என்பது அதற்குப் பிறகுதான். சிலவற்றில் அணுக்கள் வட்டம் வட்டமாகக் கூடி, பாத்திகட்டி வைத்த மாதிரி நிற்கும். அவை மெதுவானவை. வைத்தியமே இல்லாமல் சில சமயம் சுருங்கும், பிறகு வரும். சிலவற்றில் ஒழுங்கே இருக்காது. பெரிய பெரிய அணுக்கள் முட்டிமோதிக்கொண்டு பெருகிக்கொண்டே போகும். அவை வேகமானவை. மெதுவாகத் தொடங்கி வேகமாக மாறுவதும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த வகைப் பட்டியல் இப்போது இல்லை. நடுவில் ஒன்று வந்தது, அதுவும் பழசாகிக்கொண்டிருக்கிறது. புதிய சாயங்கள் வந்து, நேற்றுவரை ஒன்றாக இருந்தவற்றை இரண்டாக, மூன்றாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் நான் உங்களை எடுத்துப் போய் அதில் எங்காவது வைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் டாக்டர் கோலாலம்பூர்ப் பெண், என்னைவிட இளையவள். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, யாருக்கோ நடந்ததாக உங்கள் கதையைச் சொன்னேன். கட்டி தானாகச் சுருங்கியதைச் சொன்னேன். திரும்பி வந்த வேகத்தைச் சொன்னேன்.

"சுருங்குச்சுன்னா மெதுவான வகைதானே, டாக்டர்?"

"இருக்கலாம்க்கா. ஆனா மொதல்ல வந்தது வெறும் டீபி கட்டியா இருந்து, ரெண்டாவது வந்தது வேறயா இருந்தா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படித் தெரியும்?"

என் விரலுக்குத் தெரியும் என்று சொல்ல முடியவில்லை.

"மெதுவானதா இருந்து, அப்பவே கண்டுபிடிச்சு, எக்ஸ்ரே வைத்தியம் குடுத்திருந்தா?"

"அந்தக் காலத்துலகூட அப்படிச் சில பேரு பல வருசம் இருந்திருக்காங்க. வேகமானதுன்னா, கண்டுபிடிச்சிருந்தாலும் அதே கதைதான்." பிறகு சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். யாருடைய கதை என்று தெரிந்துவிட்டது போலும். "அக்கா, கதைய வச்சுப் பேரு வைக்க முடியாதுலா. துண்டு வேணும்."

துண்டு இல்லை. உங்களுக்கு வந்தது எந்த வகையோ, அதைப் பொறுத்துத்தான் நீங்கள் அன்று ஸ்டோருக்குள் ஓடியது உங்கள் ஆயுளில் பல வருடங்களை எடுத்துக்கொண்டதா, ஒன்றுமே எடுக்கவில்லையா என்பது. முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய துண்டுகளைத் தெளிவாகத் தெரியும்படி செய்து கொடுக்கிறேன். உங்களுடையது மட்டும் எந்தக் கண்ணாடிக்கும் வராது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கா பத்துவில் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"நீ இதுக்குன்னே படிச்சவதானே. சொல்லு. அந்தத் தண்ணி ஊத்தாம இருந்திருந்தா ஒங்கப்பா பொழச்சிருப்பாரா?"

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. தெரியாது என்பதுதான் பதில். எங்கள் கூடத்தில் துண்டைப் பார்க்காமல் யாரும் எதையும் சொல்லமாட்டோம். ஆனால் அவள் விரல்கள் நின்றுவிட்டன. எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்லம்மா. அது ரொம்ப வேகமான வகை. தெரிஞ்சிருந்தாலும் அப்ப ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. அப்பா அம்மோனியா ஊத்துனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.

"அப்ப நான் எதுக்கு அந்த மனுசன அந்த ஏச்சு ஏசினேன்?"

"அம்மா..."

"சாகக் கெடந்தவர. வாயில கஞ்சிய வச்சுக்கிட்டு. ஆமாடி ஆமாடின்னு கேட்டுக்கிட்டாரே. ஒண்ணுமே பண்ணாத மனுசன..."

கருவாட்டுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அப்படி அழுது நான் பார்த்தது உங்களைத் தூக்கிய அன்றுதான். பதறிப்போய், "இல்லம்மா, நிச்சயமாச் சொல்ல முடியாது. மெதுவான வகையாவும் இருக்கலாம்," என்றேன்.

கையை எடுத்தாள். "மெதுவானதுன்னா?"

"மெதுவானதுன்னா... வைத்தியம் பாத்திருந்தா இன்னும் கொஞ்ச வருசம்..."

முடிக்கத் தேவை இருக்கவில்லை. "அப்ப அவரேதான்," என்று அவள் மெல்லச் சொன்னாள். தன் ஏச்சு நியாயம் என்றானதில் அவளுக்கு ஓர் ஆறுதலும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டை எடுத்துக் கிள்ளத் தொடங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அப்பா. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கிள்ளிக்கொண்டிருந்தோம்.

"இதுல மொத்தம் எத்தன வகை இருக்கு?" என்றாள்.

"நெறைய இருக்கும்மா. வர வரக் கூடிக்கிட்டே போகுது."

"அப்ப நல்லாப் பாரு. அவரும் தப்புப் பண்ணல, நானும் சும்மா ஏசலங்கிற மாதிரி ஒண்ணு இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"பாக்குறேன்மா."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு பெயரில் உங்களை வைத்தால் அம்மா குற்றவாளி ஆகிறாள். இன்னொன்றில் வைத்தால் நீங்கள். பழைய பட்டியலில் இல்லாதது புதிதில் வரக்கூடும் என்று, யாராவது கருத்தரங்குக்குப் போய்வந்தால் கேட்டு வாங்கிப் படிக்கிறேன். வேலைவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது சில நாள் அம்மா, பாசாரில் ஏதோ வாங்கிவரச் சொன்னவள் மாதிரி, "பாத்தியா?" என்கிறாள்.

"இன்னும் இல்லம்மா," என்கிறேன்.